குன்றிமணிக் கண்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். கொப்பியை விரித்துப் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, அடுத்த வரி வராமல் மூடி வைத்த நாட்கள் உண்டு. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை வந்துவிடும் என்பது ஒரு பயம். எழுத உட்கார்ந்தால் அந்தப் பழைய நடுக்கம் திரும்ப வந்து நெஞ்சில் ஏறிக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய பயம். ஆனால் போன வருடத் திருவிழாவில், கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு பெண், முந்தி லா சப்பலில் ஒரு தமிழ்ப் பெண் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நஞ்சு கொடுத்தாளாம் என்று ஒரு கதை சொன்னாள். அது என்னுடைய கதை. அவளுக்கு அது தெரியாது. அவள் சொன்னதில் நடந்ததும் இருந்தது, நடக்காததும் இருந்தது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வெளியே போனேன். அன்றைக்குத்தான் எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரான்சில் தமிழர்கள் கூடியிருந்த லா சப்பலில் மெட்ரோ ரயில் தெருவுக்கு மேலே பாலத்தில் ஓடும். அந்தப் பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஐந்தாம் மாடியில், ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும் எங்களுடைய வீடு. ரயில் போகும்போது சுவரில் அடித்த சாமித் தட்டில் இருக்கும் விளக்கு ஒருமுறை குலுங்கும். கணவருக்கு ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவும் வேலை. ஒரே மகள். எட்டு வயது. பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்.

அகதி என்று பதிந்திருந்தோம். முடிவு வரவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை பிரெபெக்தூர் என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்று, ஒரு தாளில் முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டும். அந்த முத்திரை இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. கதவை யாராவது தட்டினால் முதலில் ரேடியோவை நிற்பாட்டுவோம். பிறகு அடுப்பைத் தணிப்போம். மகளுக்குக்கூட அது பழகிப்போயிருந்தது. தட்டுகிற சத்தம் கேட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

அந்த வருடம் மகளின் வகுப்பு ஆசிரியை, எல்லோரும் மெத்ரெஸ் என்று கூப்பிடும் அந்த இளம்பெண், பெற்றோரை ஒரு நாள் கூப்பிட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எங்கள் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் இருந்த பாண்டிச்சேரி அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தார். அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். யாருக்கும் பயப்படாதவர்.

"மெத்ரெஸ் என்னா சொல்றாங்கன்னா, மெரிக்கு எழுதிப் போட்டாங்களாம், அதுக்கு மேலயும் எழுதிப் போட்டாங்களாம். காசு வந்திருக்குதாம். களிமண்ணு வாங்கறதுக்கு, கரண்ட்டுல எரியற சூளைக்கு, மண்ணு வனையறவரு ஒருத்தரு வந்து சொல்லிக் குடுக்கறதுக்கு. நம்ம மாதிரி ஊட்டுப் புள்ளைங்களுக்குன்னே கேட்டு வாங்கினாங்களாம்."

மெரி என்றால் நகரசபை. நான் மெல்லக் கேட்டேன். "எங்களுக்கு எண்டு ஏன் அக்கா தருகினம்? நாங்கள் ஒண்டும் கேக்கேல்லையே."

"குடுக்கறப்ப வாங்கிக்கோ தங்கச்சி. ஏன்னு கேட்டா அவங்களுக்கே மறந்துபோயிரும்."

வருட முடிவில் பிள்ளைகள் செய்ததை மெரியில் மேசை போட்டு வைப்பார்களாம். வருகிற பெரியவர்களுக்குப் பிடித்தால் அடுத்த வருடமும் பணம் கிடைக்குமாம். இதைச் சொல்லும்போது மெத்ரெஸின் கன்னம் சிவந்துபோனது. அந்தப் பணத்தை வாங்க அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

என் கணவருக்குக் கதையைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "சும்மா தாறவை பிறகு வீட்டை வந்து பாப்பினம்," என்றார்.

உன் வீட்டைக் காக்கும் ஒன்றை மண்ணில் செய் என்று மெத்ரெஸ் சொல்லியிருக்கிறார். நாய் செய்தார்கள், பூனை செய்தார்கள், ஒரு பையன் சேவல் செய்தானாம். என் மகள் பிள்ளையார் செய்தாள். எங்கள் தாய்வழியில் ஆவணிச் சதுர்த்திக்குக் களிமண்ணில் பிள்ளையார் பிடிப்பது வழக்கம். எல்லா வீட்டிலும் அந்த வழக்கம் இல்லை. எங்களுக்கு இருந்தது. இங்கே வந்தும் ஒரு கடையில் கொஞ்சம் மண் வாங்கிப் பிடித்தேன். மகள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்குள் சாமி கூடாது என்று கேள்விப்பட்டிருந்தேன். அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"மெத்ரெஸ் அத ஆனைன்னு எழுதிட்டாங்க. ஆனைக்கு ஏன் தொந்தின்னு ஒருத்தரும் கேக்கல. வுடு," என்றார் அக்கா.

பொம்மைகளைச் சூளையில் சுட்டார்கள். சுட்டபிறகு கண் இருக்கும் இடம் வெறும் குழியாக இருந்ததாம். ஆளாளுக்கு வீட்டிலிருந்து கண்ணுக்கு ஏதாவது கொண்டுவாருங்கள், பசையால் ஒட்டலாம் என்று மெத்ரெஸ் சொன்னார். பொத்தான், மணி, பருப்பு, என்னவென்றாலும்.

மகள் என்னிடம் கேட்டாள். நான் சாமித் தட்டில் கற்பூரம் வைக்கும் தகரப் பேணியைத் திறந்து இரண்டு குன்றிமணி எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையாருக்கு அதுதான் கண். சிவப்பு விதை, ஒரு நுனியில் மட்டும் கறுப்பு. மண் பிள்ளையாருக்கு அதை வைத்த நேரத்திலிருந்து அது மண் இல்லை, சாமி. கண் திறந்துவிட்டால் பிறகு மரியாதைதான். ஊரிலிருந்து வரும்போது ஒரு பிடி அள்ளி அந்தப் பேணியில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். எண்ணிப் போடவில்லை. யார் அதை எண்ணுவார்கள்?

இனித்தான் சொல்ல வேண்டியது.

அது ஒரு புதன்கிழமை. புதன்கிழமைகளில் அப்போது பள்ளிக்கூடம் இல்லை. காலையில் சாமித் தட்டைத் துடைக்கலாம் என்று பேணியைத் தூக்கினேன். பாரம் இல்லை. திறந்தேன். அடியில் சில விதைகள் மட்டும் உருண்டன.

"பிள்ளை, இதுக்குள்ளை கிடந்த குண்டுமணி எங்கை?"

மகள் நிலத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். நிமிராமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

"தமிழிலை சொல்லு."

"வகுப்பிலை குடுத்தனான். எல்லாரும் கேட்டவை. என்ரை பிள்ளையாற்றை கண்தான் வடிவெண்டு மெத்ரெஸ் சொன்னவா. அதுதான் எல்லாருக்கும் குடுத்தன்."

"எத்தினை?"

"தெரியாதம்மா. கையாலை அள்ளிக் குடுத்தன்."

"மிச்சம் மெத்ரெஸிட்டையோ?"

"இல்லை. எல்லாரும் பொக்கெற்றிலை போட்டுக்கொண்டு போட்டினம்."

பேணியை மேசையில் வைத்தேன். குன்றிமணியை முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, போன வழியே போய்விடும். ஓடு உடைந்தால் நஞ்சு. பொல்லாத நஞ்சு. மாட்டைச் சாகடிக்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள் என்று எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒருவரும் அதைக் கடிக்கமாட்டார்கள். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யார் சொல்வார்கள்? என் பிள்ளைக்கே நான் சொல்லியிருக்கவில்லை. அது சாமித் தட்டில் இருந்த பொருள். அவள் தொடமாட்டாள் என்று இருந்துவிட்டேன்.

"ஆராவது வாயிலை வைச்சவையோ?"

பென்சில் நின்றது. "எனக்குப் பக்கத்திலை இருக்கிற போர்த்துக்கல் பிள்ளை கடிச்சுப் பாத்தவள். இனிப்பெண்டு நினைச்சு."

"கடிச்சு?"

"உடைஞ்சது. கொஞ்சத்தைத் துப்பினவள். கொஞ்சம் உள்ளை போட்டுது எண்டு சொன்னவள்."

"எப்ப பிள்ளை?"

"திங்கட்கிழமை."

"நேற்று வந்தவளோ?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். கதவு தட்டும்போது பார்க்கிற பார்வை. "வரேல்லை," என்றாள்.

கணவர் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. நான் சால்வையை எடுத்ததும், "எங்கை போறீர்?" என்றார்.

"அக்காவிட்டை. பிறகு பள்ளிக்கூடத்துக்கு."

"இரும். சின்னனிலை நாங்கள் எத்தினை விழுங்கியிருப்பம். எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

"நீங்கள் விழுங்கினனீங்கள். அவள் கடிச்சவள்."

அவர் சப்பாத்துக் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "நீர் போய்ச் சொன்னால் பொலிஸ் வரும். எங்கையிருந்து கொண்டுவந்தது, நஞ்செண்டு தெரியுமோ எண்டு கேப்பினம். தெரியும் எண்டு சொல்லுவீரோ? முத்திரை குத்தப் போற நேரம் எங்கட பேருக்கு நேரை இது எழுதியிருந்தால் என்ன செய்யிறது? திருப்பி அனுப்பினால் எங்கை போறது? அங்கை என்ன நடக்குது எண்டு தெரியும்தானே உமக்கு."

தெரியும். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. எனக்கும் அதே பயம்தான்.

"அவளுக்கு வேறை வருத்தமாயும் இருக்கலாம்," என்றார்.

"இருக்கலாம்."

"பிறகென்ன?"

"அந்தத் தாய்க்கு இது தெரியாதப்பா. டாக்குத்தருக்கும் தெரியாது. இந்த ஊரிலை எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்."

அவர் மற்றச் சப்பாத்தையும் கட்டினார். எழும்பினார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, மேசையில் இருந்த கற்பூரப் பேணியை எடுத்து என் கையில் வைத்தார். "காட்டினால்தான் அவைக்கு விளங்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மகளையும் இழுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஓடினேன். அக்கா கோழி கழுவிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்குமுன் கையைத் துடைத்துக்கொண்டு மேலங்கியை எடுத்துவிட்டார்.

"மாதாவே. ஏம்மா, உங்க ஊர்ல சாமிக்குக் கண்ணு வைக்க வேற ஒண்ணும் கெடைக்கலயா?"

நான் அழத் தொடங்கினேன்.

"அழுவறத அப்புறம் வச்சிக்கலாம். நட."

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. காவல்காரப் பெண் கதவைக் கொஞ்சம் திறந்து, புதன்கிழமை என்று தெரியாதா என்பது போலப் பார்த்தார். அக்கா அவரோடு பேசிய வேகத்தில் கதவு முழுதாகத் திறந்தது. மெத்ரெஸுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் வருகிறவரை அந்தக் கல் முற்றத்தில் நீளமான ஒரு மர வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம் ஒரு பெரிய கந்தோர் போல இருந்தது. யாராவது வந்து எங்கள் தாளைக் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பிள்ளையாரப்பா, அது வெறும் காய்ச்சலாக இருக்கவேணும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெத்ரெஸ் ஈரத் தலையோடு ஓடி வந்தார். நான் பேணியைத் திறந்து நீட்டினேன். அவர் முதலில் சிரித்தார். அவருக்கு அவை அழகான விதைகள்தானே. அக்கா சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. நஞ்சைப் பற்றி விசாரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவு இருக்கிறதாம். அங்கே தொலைபேசி எடுத்தார்.

"பேரு கேக்கறாங்க தங்கச்சி. இதுக்குப் பேரு என்னா?"

"குண்டுமணி."

"அது எனக்குத் தெரியும். பிரான்சுல என்னா?"

எனக்கு எப்படித் தெரியும்? மெத்ரெஸ் ஒரு விதையை விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டு, அது எப்படி இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். சிவப்பு, பளபளப்பு, நுனியில் கறுப்பு. பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். நின்றவர் மெல்ல நாற்காலியில் இருந்தார். பிரெஞ்சு தெரியாத எனக்கு அந்த முகத்திலிருந்தே எல்லாம் விளங்கியது.

போர்த்துக்கல் பிள்ளையின் வீட்டில் தொலைபேசி இல்லை. ஆம்புலன்ஸை அங்கே அனுப்பச் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளி, ரூ பஜோல் என்கிற தெருப் பக்கமாக, நாங்கள் நால்வரும் கிட்டத்தட்ட ஓடினோம். கட்டிலில் அந்தப் பிள்ளை கிடந்தது. நீளப் பின்னல் கலைந்து தலையணையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு வாளி. முகம் மெழுகு போல. முந்தின நாள் வந்த டாக்டர் வயிற்றுக் கோளாறு என்று மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். தாய் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவள் கந்தோர்கள் துடைக்கப் போகிறவள். கையில் ஈரத் துணி இருந்தது.

மெத்ரெஸ் சொன்னார். அந்தத் தாய் என்னைப் பார்த்தாள். என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தாள். கையில் இருந்த பேணியைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பிள்ளையைத் தூக்கும்போது மெத்ரெஸ் பேணியிலிருந்து சில விதைகளை எடுத்து ஒரு தாளில் சுற்றி அவர்களிடம் கொடுத்தார். வண்டி போன பிறகும் நான் அந்த வாசலில் நின்றேன். அக்கா தோளில் தட்டி, "மிச்சம் இருக்கற புள்ளைங்க எங்கன்னு பாக்கணும் இல்ல?" என்றார்.

அன்று முழுவதும் வீடு வீடாகப் போனோம். மெத்ரெஸ் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நானும் மகளும் ஒரு பக்கம். கதவு தட்டினால் மூச்சை அடக்குகிற நான், அன்று மற்றவர்களின் கதவுகளைத் தட்டினேன். தட்டியதும் உள்ளே ரேடியோ நிற்கும். பேச்சு நிற்கும். அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். உள்ளே யாரோ ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். மகள் கதவில் வாயை வைத்துத் தன் பெயரைச் சொல்லி, வகுப்புப் பிள்ளை என்று பிரெஞ்சில் கூப்பிடுவாள். அதற்குப் பிறகுதான் சங்கிலி கழலும்.

ஒரு கதவுக்குப் பின்னால் கருவாட்டுக் குழம்பு வாசம். தட்டினேன், சத்தம் இல்லை.

"நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின்ரை தாய். பயப்பிடாதேங்கோ," என்றேன்.

"ஆர் நாங்கள் பயந்தது? குளிச்சுக்கொண்டு நிண்டனான்," என்று உள்ளே ஒரு ஆண் குரல். கதவைத் திறந்தவரின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். அவருடைய மகன் காற்சட்டைப் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். எல்லாம் முழுதாக இருந்தன.

ஒரு வீட்டில் சன்னல் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை கைக்குழந்தையின் கிலுகிலுப்பைக்குள் போட்டிருந்தது. அதைக் கண்டதும் பிடுங்கிக் கவிழ்த்துக் கொட்டினேன். ஒரு தகப்பன் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினார். மகள் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கிடைத்ததெல்லாம் பேணிக்குள் போட்டோம். பேணி நிறையவில்லை. முந்தி எவ்வளவு இருந்தது என்று யோசித்தேன். பாதியா, முக்காலா? தெரியவில்லை. எண்ணாமல் கொண்டு வந்ததை எண்ணித் திருப்பி எடுக்க முடியுமா?

அடுத்த நாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். அக்கா வேலைக்கு வந்தவர் என்னோடு வகுப்புக்குள் நின்றார். சன்னல் ஓரம் நீளமாக ஒரு பலகையில் எல்லாப் பொம்மைகளும். எல்லாவற்றுக்கும் குன்றிமணிக் கண். நாய்க்கும் பூனைக்கும் சேவலுக்கும். அத்தனையும் ஒரே சிவப்பாக என்னையே பார்த்தன. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்த இடம் அதுதான்.

மெத்ரெஸ் ஒரு சிறு கத்தியால் கண்களைத் தோண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வந்தார். என் மகளின் பிள்ளையாருக்கு முன்னால் வந்ததும் நிறுத்தினார். அக்காவிடம் ஏதோ கேட்டார்.

"இது உங்களுக்குச் சாமின்னு அவங்களுக்குத் தெரியுமாம். முன்னயே தெரியுமாம். எடுக்கலாமான்னு ஒன்னக் கேக்கறாங்க."

கண் திறந்த சாமியின் கண்ணைத் தோண்டுவதா? அந்தப் பாவம் எந்தப் பிறப்பில் தீரும்? அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை உயிருக்குப் போராடிக் கிடக்கும்போது இங்கே இதையும் செய்வதா? ஆனால் இதை வேறு மதத்துப் பெண் ஒருத்தியின் கையால் செய்யவிட என்னால் முடியவில்லை. கத்தியை வாங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பனே, உன்ரை கண்ணாலை ஒரு பிள்ளை போகக்கூடாது. அதுக்காக எடுக்கிறன். கோவம் எண்டால் என்னிலை காட்டு," என்று வாய்விட்டுச் சொன்னேன். இரண்டையும் எடுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. ஒன்றின் ஓரத்தில் கொஞ்சம் மண்ணும் பெயர்ந்து வந்தது.

மெத்ரெஸ் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவரும் பயந்துதான் இருந்தார். கண் கொண்டுவாருங்கள் என்று கேட்டது நான், அதனால் பொறுப்பு என்னுடையது என்று பெரிய ஆசிரியருக்குச் சொல்லிவிட்டாராம். அதோடு, "பப்பியே பத்தி இங்க யாரும் கேக்க மாட்டாங்க, பயப்பட வேணாம்னு அவங்க சொல்லச் சொன்னாங்க," என்றார் அக்கா. பப்பியே என்றால் எங்களுடைய தாள்கள்தான். நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிள்ளைக்குச் சேலைன் ஏற்றுகிறார்கள், இன்னும் சொல்ல முடியாது என்று அக்கா வந்து சொல்வார். அவ்வளவுதான். வேறு யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்தப் பிள்ளையும் விதை வாங்கினதா என்று மகளைக் கேட்பேன். தெருவில் ஆம்புலன்ஸ் கத்தினால் அடுப்பை நிற்பாட்டிவிட்டுச் சன்னலுக்குப் போவேன். நேர்த்தி வைக்கலாம் என்று சாமித் தட்டுக்கு முன்னால் நிற்பேன். கண்ணைப் பிடுங்கிய கையால் எப்படிக் கும்பிடுவது? வெறுமனே நின்றுவிட்டு வருவேன். கணவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. வேலையால் வந்ததும் முதலில், "ஏதும் தெரிஞ்சுதோ?" என்பார். இல்லை என்பேன். அவர் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழும்புவார்.

ஒரு நாள் பின்னேரம் கதவு தட்டும் சத்தம். கணவர் அன்று வீட்டில். ரேடியோவை நிற்பாட்டினார். நான் அடுப்பைத் தணித்தேன். மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். மறுபடியும் தட்டினார்கள். மெதுவாக இல்லை.

"திறக்காதையும்," என்று கணவர் வாயசைத்தார்.

அப்போது எனக்கு அந்தப் புதன்கிழமைக் கதவுகள் நினைவுக்கு வந்தன. நான் தட்டியபோது எல்லோரும் திறந்தார்கள். எழும்பிப் போய்த் திறந்தேன்.

போர்த்துக்கல் தாய் நின்றாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை. மெலிந்து, பெரிய கண்களோடு, பின்னலை இறுக்கிப் பின்னிக்கொண்டு. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் உள்ளே வரவில்லை. நேராக நின்று இரண்டு வசனம் சொன்னாள். மகள் எனக்குப் பின்னால் நின்று தமிழில் சொன்னாள். "வீட்டை வந்திட்டாளாம். நீங்கள் வந்து சொன்னபடியாத்தான் என்ன செய்யிறதெண்டு டாக்குத்தர்மாருக்குத் தெரிஞ்சதாம்."

நான் கைகூப்பினேன். அவள் கை கொடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. அவள் நன்றியும் சொல்லியிருந்தாள், கோபத்தையும் வைத்திருந்தாள். இரண்டும் நியாயம். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கொஞ்சம் சிரித்தன. பிறகு தாயும் பிள்ளையும் படி இறங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை வகுப்பில் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார அவள் விடவில்லை.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். கணவர் நிலத்தில் உட்கார்ந்து முகத்தைத் துவாயால் மூடியிருந்தார்.

மெரியில் பொம்மைகளை வைத்தார்கள். கண்கள் இல்லாமல், குழிகளோடே. மெத்ரெஸ் வேறு கண் வைக்கவில்லை. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, இந்த வெறும் கண்கள் எவ்வளவு அருமையாக இருக்கின்றன என்றாராம். அக்கா என் காதில் அதைச் சொல்லிவிட்டு, "சிரிக்காத, பாக்கறாங்க," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மண்டபத்தில் சீருடை போட்டு நின்ற காவலாளியின் பக்கமே என் கண் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் அந்தப் பணம் வரவில்லை. சூளை ஒரு மூலையில் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்ததாக மகள் சொன்னாள். எங்களால்தானா, வேறு காரணமா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. மெத்ரெஸ் பிறகு வேறு ஊருக்கு மாறிப்போனார். பொலிஸ் வரவில்லை. எங்களுக்கு விசாவும் ஒருநாள் கிடைத்தது. ஆனால் அந்தப் பேணி முந்தி நிறைந்திருந்ததா, முக்கால்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு பழைய கட்டிடத்தில் பலகை இடுக்கில் ஒன்று கிடக்கும் என்று நினைப்பு வரும். சேர்த்த விதைகள் எல்லாவற்றையும் மெத்ரெஸ் சூளையில் போட்டு எரித்தார். வெறும் பேணியைத்தான் எனக்குத் திருப்பித் தந்தார்.

பிள்ளையார் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். மண் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைப்போம். இது சுட்ட மண், கரையாது. கண்ணில்லாத சாமி வீட்டில் கூடாது என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் முதல் விளக்கு அவருக்குத்தான்.

இதை வாசிக்கிறவர்கள் வேறு ஆட்களுக்கும் சொல்லுங்கள். அன்றைக்கு நான் தட்டிய கதவுகளைத் திறந்து கேட்டவர்களைப் போல அவர்களும் கேட்கட்டும். ஆனால் பிள்ளை செத்தது என்று கூட்டிச் சொல்லாதேயுங்கள், அது உயிரோடு இருக்கிறது. பிள்ளையார் அற்புதம் செய்தார் என்றும் கூட்டாதேயுங்கள். நான் பயந்தேன் என்பதையும் குறைக்க வேண்டாம். நடந்தது இவ்வளவுதான், இவ்வளவோடே கொடுங்கள்.